தோற்றம், மறைவு, காது

சன்னலோர இருக்கை கிடைத்ததை ஓவிய ஆசிரியர் தில்லைநாயகம் ஒரு கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டார். சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயரெடுத்தவர்தான்; ஆனால் அந்த நம்பிக்கையின்மை இன்று மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துபோயிருந்தது. மேலச்சிறுகுளத்துக்குப் போகிற இந்த ஒரே பஸ்ஸில் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவர் அவர். வந்த காலத்திலிருந்து ஒருநாளும் சன்னலோரம் கிடைத்ததில்லை. கூடைக்கும் உர மூட்டைக்கும் நடுவில், சுருட்டிய வரைதாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தவம் செய்கிறவனைப் போல ஒற்றைக்காலில் நின்றுதான் கலையைக் கிராமத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். இன்றைக்கு மட்டும் ஏறியவுடன் சன்னலோரம், காற்று, கால் நீட்ட இடம். துக்கத்துக்குப் போகிறவனுக்கு மட்டும் உலகம் இப்படித்தான் வழிவிட்டு உட்காரவைக்கும் என்று நினைத்தார். உடனே, துக்கம் என்று யார் சொன்னது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. செல்லக்கிளி போனில் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஆட்டுத் தரகர் மருமக செல்லக்கிளி பேசுறேன். படம் வந்துச்சு சார். படம் வந்ததுலருந்து மாமாவுக்கு... நீங்க உடனே ஒரு எட்டு வாங்க சார், இங்க அத்தை ஒரே..." அங்கே அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே. மேலச்சிறுகுளத்தில் டவர் கிடைக்காது என்பதைத்தான் அந்தப் பெண் சொல்கிறாள், வேறெதையும் இல்லை. மாமாவுக்கு என்றாளே, மாமாவுக்கு என்ன? நெஞ்சு வலியா? மயக்கமா? அத்தை ஒரே என்றால் ஒரே என்ன? ஒரே அழுகையா? தமிழில் 'ஒரே' என்ற சொல்லுக்குப் பின்னால் நல்ல சங்கதிகளும் வருவதுண்டு. ஒரே சிரிப்பு, ஒரே கொண்டாட்டம். ஒரு பெண் அரக்கப்பரக்கப் போன் செய்து, வீட்டில் ஒரே கொண்டாட்டம், உடனே வாங்க என்று சொல்வாளா என்று தானே கேட்டு, தானே விடையும் சொல்லி, வெளியே பார்த்தார். வெளியே கருவேலங்காடு. அதற்குப் பிறகும் கருவேலங்காடு.

கண்டக்டர் தவசி வந்து டிக்கெட் கிழித்தார். "என்ன சார், இன்னைக்குப் புதன்கிழமையில்ல?" "ஒரு வேலை" என்றார் தில்லைநாயகம். "தெரியும் சார். நீங்க வருவீகன்னு நானே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, எந்த விளக்கமும் தராமல், தலையை ஒரு பக்கம் சாய்த்து 'உச்' கொட்டியபடி பின்னால் போய்விட்டார். அந்த 'உச்' எதற்கு என்று தில்லைநாயகம் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் ஆட்டுத் தரகர் வெள்ளைக்கண்ணு உயிரோடிருப்பார், குறைந்தபட்சம் இந்த இருக்கையில். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் அந்தப் பழுப்பு நிறம் ஒட்டியிருந்தது. வெள்ளைக்கண்ணுவின் கன்னத்துக்கு என்று மெனக்கெட்டுக் கலந்த பழுப்பு. ஒரு மனிதனுடைய கன்னம் என் நகத்துக்குள் இருக்கிறது என்று தோன்றியவுடன் கையைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார். பைக்குள் தூரிகைகள், வெள்ளை வண்ணப் புட்டி, தண்ணீர் பாட்டில். மத்தியானம் செல்லக்கிளியின் போன் அறுந்ததும் அவர் செய்த முதல் காரியம் சவரிமுத்துவைக் கூப்பிட்டதுதான். சவரிமுத்து டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே படங்களுக்குச் சட்டம் போடுகிறவர், நல்ல கைக்காரர். தில்லைநாயகம் தான் வரைந்த வெள்ளைக்கண்ணுவின் படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். முடித்ததும் தினத்தாளில் சுற்றி நேராகப் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லியிருந்தார். முடிந்த படத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. "படம் நல்லபடியா போச்சா சவரிமுத்து?" என்று இன்றுதான் கேட்டார். "பிரமாதமா போச்சு சார். நீங்க சொன்ன மாதிரி மரியாதையா பண்ணிட்டேன். கறுப்புச் சட்டம், சந்தன மாலை, நெத்தியில பொட்டு, மேல சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, கீழ கறுப்புப் பட்டையில வெள்ளை எழுத்து. தோற்றம்னு நீங்க சொன்ன ஐம்பத்தெட்டைப் போட்டுட்டேன். இன்னொண்ணு தெரியாதுன்னீங்கல்ல, அதனால மறைவுன்னு மட்டும் எழுதி எடம் விட்டிருக்கேன். வீட்டுக்காரங்க பூர்த்தி பண்ணிக்கிடுவாங்க. எப்ப சார் ஆச்சு? படத்துல பாத்தா ஆளு நல்லாத் திடமா இருந்திருக்காரு."

வீட்டுக்காரங்க பூர்த்தி பண்ணிக்கிடுவாங்க. பஸ்ஸின் தாளத்துக்கு அந்த வாக்கியம் அழகாகப் பொருந்திக்கொண்டது. பள்ளத்தில் இறங்கும்போது வீட்டுக்காரங்க, ஏறும்போது பூர்த்தி. சவரிமுத்துவைக் குறை சொல்ல முடியாது. சட்டம் போட்டுப் பெரிதாக மாட்டுவது என்றால் இந்தப் பக்கத்தில் ஒன்று சாமி, இல்லையென்றால் செத்தவர். உயிரோடிருக்கிற ஆட்டுத் தரகரைச் சட்டத்துக்குள் போடச் சொல்லி அவரிடம் இதுவரை யாரும் வந்ததில்லை. "பொறந்த வருஷம் என்ன சார்?" என்று அவர் கேட்டபோதாவது தில்லைநாயகத்துக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை; மனம் குளிர்ந்தது. அருங்காட்சியகங்களில் பெரிய மனிதர்களின் படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பிறந்த ஆண்டு பொறித்திருப்பார்கள், ஒரு பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரருக்கு இந்த மரபு தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய் ஐம்பத்தெட்டு என்றார். "மத்தது?" என்று கேட்டார் சவரிமுத்து. மாதமும் தேதியும் கேட்கிறார் என்று நினைத்து, "மத்தது அவருக்கே தெரியாது, விடுங்க" என்றார் தில்லைநாயகம். அவருக்கே தெரியாது! சவரிமுத்து அப்போது ஒரு மாதிரி பார்த்தார்தான். செத்தவருக்கே தான் செத்த தேதி தெரியாது என்று சொல்கிற வாத்தியாரை வேறு எப்படிப் பார்ப்பது? அதிகம் படித்தால் இப்படித்தான் ஆகும். படிக்காதவனாக இருந்தால், எதுக்குய்யா வருஷம் என்று ஒரு கேள்வி கேட்டிருப்பான், ஒரு மனிதர் பிழைத்திருப்பார். பிழைத்திருப்பார் என்ற சொல்லில் மனம் முள்ளில் மாட்டிய வேட்டியைப் போல நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும்.

வெள்ளைக்கண்ணு சாதாரண ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மற்றவர்கள் எரிச்சலோடு மாலையைப் பிய்த்துப்போட்டுவிட்டு, வாத்தியாரை நாலு திட்டு திட்டிவிட்டு, வேலையைப் பார்ப்பார்கள். இவரோ ஓணான் குறுக்கே போனால் சந்தைக்குப் பாதி தூரம் போன மந்தையைத் திருப்பிக்கொண்டு வருகிறவர். பல்லி தோளில் விழுந்த அன்றைக்கு வீட்டை விட்டே இறங்காதவர். போதாக்குறைக்குத் தை மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் போய், அதிர்ச்சி தரும் சேதி எதையும் அவரிடம் சொல்லாதீர்கள் என்ற டாக்டர் உத்தரவோடு திரும்பியவர். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்கு, அவருடைய மறைவையே சட்டம் போட்டு, பல்பு வைத்து, பஸ்ஸில் அனுப்பியாகிவிட்டது. எதற்காக? முகம் வரையச் சொல்லித்தருவதற்காக. ஆப்பிளும் மாம்பழமும் மலைக்கு நடுவே எழுகிற சூரியனும் போதும் போதும் என்று பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. மலையே இல்லாத ஊரில் பிள்ளைகள் இரண்டு மலை போடுகிறார்களே என்று அவருக்கும் அலுத்துவிட்டது. உயிருள்ள ஒரு முகத்தை எதிரே உட்காரவைத்துப் பார்த்து வரையட்டும் என்று நினைத்தார். ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. "உசுருள்ள ஆளை வரைஞ்சா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லுச்சு சார்" என்றாள் ஏழாம் வகுப்பு அமுதவல்லி. அவர் வகுப்பையே அதற்காக நிறுத்திவைத்து, ராஜாக்களும் ராணிகளும் காலங்காலமாக ஓவியர்களுக்கு முன்னால் உட்கார்ந்த வரலாற்றை விரிவாகச் சொன்னார். அமுதவல்லி கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "அவுகள்ளாம் இப்ப இருக்காகளா சார்?" என்றாள். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார். இப்போது அந்தக் கேள்வியில் சிரிக்க எதுவுமே இல்லை. அமுதவல்லி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

வெள்ளைக்கண்ணு தானாகவே வந்தார். மீசைக்காக வந்தார் என்று சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சந்தைகளில் ஆளைவிட முன்னால் வருவது அந்த மீசைதான். "எங்கிட்ட இருக்கிறதுலயே எழுதி வைக்கிற மாதிரி இது ஒண்ணுதான் சார் இருக்கு, வரைஞ்சுக்கங்க" என்று, காது மறைய இறக்கிக் கட்டிய தலைப்பாவோடு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த வெள்ளியும் வந்தார், அதற்கடுத்ததும். மனிதர் அசையவே மாட்டார். கை மட்டும் மடியில் கிடந்த துண்டுக்குள் விரல்விரலாய் எதையோ எண்ணும். தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்தல்லவா விலை பேசுவார்கள், அந்தப் பழக்கம். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கண்ணே" என்று தில்லைநாயகம் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அவசரமில்லை சார்." தரகன் அவசரத்தை வெளியில் காட்டினால் ஆடு கைவிட்டுப் போய்விடுமாம். பிள்ளைகள் வரைந்த வெள்ளைக்கண்ணுக்கள் கொடியில் காய்ந்தார்கள்: மீசை மட்டும் வந்து முகம் வராத ஒருவர், கொம்பு முளைத்த ஒருவர், நாற்காலி மிக நன்றாக அமைந்து ஆளே விடுபட்டுப்போன ஒருவர். அவர் ஒவ்வொன்றையும் சந்தையில் ஆடு பார்க்கிறாற்போலச் சுற்றிவந்து பார்த்தார். "ஆட்டுக்கு மூஞ்சியப் பாக்கக் கூடாதுடா. எல்லா ஆட்டுக்கும் ஒரே மூஞ்சிதான். காதப் பாக்கணும். அவனவன் அவனவன் உருப்படிக்குக் காதுலதான் அடையாளம் வெட்டியிருப்பான்" என்று பாடமும் நடத்தினார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்தார் என்று மனம் காலத்தை மாற்றிப் போட்டதைக் கவனித்துத் தில்லைநாயகம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பஸ் நின்றிருந்தது.

கூட்டுரோட்டில் ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேலிருக்கும். அந்த அம்மாள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். கணவர் தில்லைநாயகத்துக்குப் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், நசுங்கிரும்" என்றார். கையில் வாழையிலைப் பொட்டலம். ஓரத்தில் ரோஜாவும் சம்பங்கியும் பிதுங்கித் தெரிந்தன. ஆள் உயர மாலை. கோயிலுக்காக இருக்கலாம், கல்யாணத்துக்காக இருக்கலாம், அரசியல்வாதிக்காகக்கூட இருக்கலாம். மாலைக்கென்று ஒரு முகம் கிடையாது, போய்ச்சேருகிற கழுத்துதான் அதற்கு முகம். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஈர இலை அவர் முழங்காலில் உரசியது. அந்த ஈரம் வேட்டியைத் தாண்டித் தோலுக்குப் போய், அங்கிருந்து எங்கோ பின்னால், அவருடைய ஒன்பதாவது வயதுக்குப் போயிற்று. அப்பா இறந்தபோது வீட்டில் அவருக்குப் படமே இல்லை. முதல் வருஷத் திதிக்குப் படம் வேண்டுமே என்று பெரிய மாமா ஒரு ஸ்டூடியோ ஓவியரைக் கூட்டிவந்தார். ஓவியர் அப்பாவைப் பார்த்ததே இல்லை. சித்தப்பாவின் மூக்கை எடுத்தார். அத்தையின் நெற்றியை எடுத்தார். அப்பா ஆயுளில் தொட்டுப் பார்த்திராத ஒரு கோட்டு மாட்டிவிட்டார். காதுக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. "இவனுக்கு அப்பன் காது அப்படியே" என்று யாரோ சொல்ல, சின்னப் பையனைக் கொண்டுவந்து முக்காலியில் உட்காரவைத்து, தலையைத் திருப்பி, அசையாதே என்றார்கள். மேலே கூராக ஏறி, கீழே மடல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்ட காது. மறுவாரம் அது சுவரில் ஏறியது. மாலை, பொட்டு, சிவப்பு பல்பு. தன்னுடைய காதை வைத்துக்கொண்டு ஒரு செத்த மனிதர் கூடத்திலிருந்து தன்னையே பார்ப்பதாக அந்தப் பையனுக்குத் தோன்றியது. கொஞ்சகாலம் அவன் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டுதான் தூங்கினான். பிறகு பயத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தப் படத்தையே பார்த்து வரைய ஆரம்பித்தான். முதலில் வரைந்தது காது. மற்றதெல்லாம் யார் யாருடையதோ. அது ஒன்றுதான் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த பாகம். அங்கிருந்துதான் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி, வேலை, கருவேலங்காடு, இந்த பஸ் எல்லாமே.

"கொஞ்சம் பிடிங்க சார், வெத்தலை மடிச்சுக்கிறேன்" என்று பக்கத்துப் பெரியவர் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டார். கனத்தது. இவ்வளவு கனமான பூவை அவர் பிடித்ததில்லை. பெரியவர் சாவகாசமாகச் சுண்ணாம்பு தடவினார். கேட்காமல் இருந்துவிடலாம். ஊர் வந்தால் தெரிந்துவிடப்போகிறது, எதற்குக் கேட்பது? ஆனால் மடியில் மாலையோடு உட்கார்ந்துகொண்டு யாருக்கு என்று கேட்காமலிருப்பதும் ஒரு பதில்தானே. "எந்த ஊருக்கு?" என்றார். தன் குரல் மாலைக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. "மேலச்சிறுகுளம்தான் சார். துட்டி கேக்கப் போறோம். ஆட்டுத் தரகர் வெள்ளைக்கண்ணு தவறிட்டாப்லல்ல. நான் அழகுமலை. நாப்பது வருசமா சந்தையில அவனும் நானும் எதிரெதிரா நின்னு கத்துனவங்க" என்றார் பெரியவர். அவ்வளவுதான். ஆகிவிட்டது. விந்தையாக முதலில் வந்தது துக்கம் இல்லை, ஒரு சுத்தமான வெறுமை, வெள்ளையடித்த சுவரைப்போல. அந்தச் சுவரில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இனி முகம் வரைய முடியாது. ஆப்பிள், மாம்பழம், இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓய்வுபெறும்வரை. இனி அமுதவல்லியின் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் எதுவும் சொல்லமாட்டாள், அம்மா சொன்னதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாளே. பஞ்சவர்ணம் என்று ஒரு மனைவி, ஒவ்வொரு வெள்ளியும் புருஷனுக்கு மோர் கொடுத்தனுப்பும்போது வாத்தியாருக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்பியவள். அவளிடம் என்ன சொல்வது? அம்மா, அருங்காட்சியகங்களில் ஒரு மரபு உண்டு என்றா?

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டது தன் வாயா என்று அவருக்கே தெரியவில்லை. "கண்டக்டர்தான் சொன்னாப்ல. இந்தா, தவசிதான்" என்றார் அழகுமலை. தவசி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "நேத்துப் பொழுதோட இந்த பஸ்ஸுலதான சார் வந்துச்சு. மேல சுத்துன பேப்பர் கிழிஞ்சு மீசை வெளிய தெரிஞ்சுது. அந்த மீசையத் தெரியாத ஆளு இந்த ரூட்டுல உண்டா? வழி நெடுக எல்லாருக்கும் சொல்லிட்டேன்." தில்லைநாயகம் மெதுவாகத் திரும்பினார். "அவர் இறந்துபோனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" "என்ன சார் இப்படிக் கேக்குறீக? படம் வந்துச்சுல்ல." "படம்தானே வந்தது?" "மாலை போட்ட படம் சார். பல்பு வேற. படம் போட்டதே நீங்கதான். நீங்க போடாமயா சார் நாங்க சொல்லப்போறோம்?" அழகுமலை ஆமாம் என்று தலையாட்டினார். தில்லைநாயகத்துக்குள் எங்கேயோ ஒரு சின்னச் சன்னல் திறந்தது. ஆக, வெள்ளைக்கண்ணு செத்தார் என்று உலகத்துக்குச் சொன்னவர் தவசி. தவசிக்குச் சொன்னது படம். படத்துக்குச் சொன்னவர் சவரிமுத்து. சவரிமுத்துவுக்குச் சொன்னவன் நான். எனக்குச் சொன்னவர் யார்? அழகுமலை. நாய் தன் வாலைத் துரத்திச் சுற்றுகிற மாதிரி ஒரே சுற்று. நடுவில் பிணம் என்று ஒன்று இல்லை. தர்க்கம் படித்தவர் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. அரை நிமிஷம் சந்தோஷப்படவும் செய்தார். பிறகு, செல்லக்கிளி வெறும் படத்தைப் பார்த்துப் பேசவில்லை, அந்த வீட்டுக்குள்ளிருந்து பேசினாள் என்பது ஞாபகம் வந்தது. மாமாவுக்கு. அத்தை ஒரே. சன்னல் சாத்திக்கொண்டது. சுற்றுக்குள் பிணம் இல்லாமலிருக்கலாம். படம் போய்ச் சேர்ந்த பிறகு விழுந்திருக்கலாமே. தவசி சொன்னது நேற்றைக்குப் பொய், இன்றைக்கு உண்மை என்றும் இருக்கலாம். மாலையைத் திருப்பிக் கொடுக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் இலைக்கு அடியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

மேலச்சிறுகுளம்தான் கடைசி நிறுத்தம். பஸ் திரும்பிப் புறப்படும்வரை தவசி பின் சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். தில்லைநாயகம் மாலையோடு இறங்கி நடந்தார். வெள்ளைக்கண்ணு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கண்டார். ஆட்களையும் கண்டார். கொட்டுச் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார், இல்லை. அழுகை? அழுகை மாதிரி ஒரு குரல், ஆனால் அதில் சொற்கள் தெளிவாக இருந்தன. யாரோ யாரையோ திட்டுகிறார்கள். இழவு வீட்டில் இவ்வளவு தெளிவாகத் திட்டமாட்டார்கள் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து அந்த மீசை எழுந்து நின்றது. மீசைக்குக் கீழே இரண்டு மாலைகள் கிடந்தன. மாலைக்கு மேலே வெள்ளைக்கண்ணு. "வாங்க சார்! வாங்க! ஏ, அழகுமலை, நீயுமாய்யா?" அழகுமலை நின்ற இடத்திலேயே நின்றார். "ஏய்யா, நீ சாகலையா?" "ஒனக்கென்னய்யா அவ்வளவு அவசரம்?" "மாலை வாங்கிட்டு வந்துட்டேனே!" "அதுக்கென்ன, போடு. படத்துக்குப் போட்டுத் தொலைச்சிராத. ஆளு இங்க இருக்கேன்ல, எனக்குப் போடு." தில்லைநாயகத்தின் கையிலிருந்துதான் மாலையை வாங்கிப் போட்டார்கள். அதை நீட்டியபோது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். யாரும் கேட்கவில்லை.

"வாங்க சார், வாங்க" என்று பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து வந்தாள். "இந்த மனுசனை நான் உசுரோட வச்சிருக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலையாக்கும்? நேத்துலருந்து வர்றவுகளுக்கெல்லாம் காப்பி போட்டே என் கை ஒடிஞ்சுபோச்சு. கழட்டிப் போடுய்யான்னா கழட்ட மாட்டேங்குறாரு. பொழுது சாஞ்சா பல்ப வேற போட்டுட்டு முன்னால உக்காந்துக்கிறாரு." செல்லக்கிளி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அதைத்தான் சார் சொல்ல வந்தேன். படம் வந்ததுலருந்து மாமாவுக்குப் பெருமை புடிபடல, அத்தை ஒரே சண்டைன்னு. போனு போயிருச்சு." ஒரே சண்டை. இந்த மொழியில் இவ்வளவு இனிமையான ஒரு சொற்றொடர் உண்டு என்று தில்லைநாயகம் இதுவரை அறிந்ததில்லை. நாற்காலியில் சரிந்தார். கால், கை, வயிறு எல்லாம் ஒவ்வொன்றாக அவரிடம் திரும்பி வந்தன. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "பயந்துட்டீங்களாண்ணே?" என்று வெள்ளைக்கண்ணுவிடம் கேட்டார். தன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"பயப்படாம? பிரிச்சுப் பாக்குறேன், சந்தனமாலை. கீழ எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், மறைவு. அடப்பாவிகளா, நம்மளைக் கேக்காமயே முடிச்சுட்டாய்ங்களேன்னு அப்படியே உக்காந்துட்டேன்" என்றார் வெள்ளைக்கண்ணு. "அப்புறம் கண்ணு காதுக்குப் போச்சு. பழக்கதோசம். பாத்தா, அது என் காதே இல்ல! என் காதப் பாருங்க." தலைப்பாவைத் தூக்கினார். தடித்த, வட்டமான காது. கடுக்கன் போட்டிருந்த காலத்துத் தொள்ளையோடு மடல் தனியே தொங்கியது. "இதுல தொங்குது. அதுல ஒட்டியிருக்கு. ஏத்தா பஞ்சவர்ணம், பயப்படாத, இது நம்ம உருப்படி இல்ல, காது வேறன்னேன். செத்தவன் எவனோ, எனக்கென்ன? மீசை மட்டும்தான் சார் என்னுது. மாட்டிட்டேன்." தில்லைநாயகம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சிவப்பு பல்பின் கீழே, தலைப்பாவுக்கு வெளியே, முகத்துக்கு ஒரு எல்லை வேண்டுமே என்று வீட்டில் உட்கார்ந்து தன்னிச்சையாகப் போட்ட காது. மேலே கூர், கீழே கன்னத்தோடு ஒட்டிய மடல். கை தானாகத் தன் காதுக்குப் போயிற்று. சூடாக இருந்தது. ஒரு நொடி ஒன்பது வயது. பிறகு, விசித்திரமாக, சிரிப்பு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, நிற்காத சிரிப்பு. எத்தனை முகங்களுக்கு இந்தக் காதைக் கொடுத்திருப்பேன்? இப்போதுதான் முதல்முறையாக அதனால் ஒருவருக்கு லாபம். உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தார். தகவல்களைத் திருத்துவது அவருடைய பிறவிக் குணம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று இன்றைக்குத் தோன்றியது. "வேண்டுமென்றால் காதை மட்டும் திருத்தித் தருகிறேன்" என்றார். வெள்ளைக்கண்ணு பதறிப்போனார். "ஐயோ, காதத் தொட்டுறாதீக சார்! அது அப்படி இருக்கிற வரைக்கும்தான் எனக்கு நல்லது."

"காது கெடக்கட்டும். அந்த எழுத்துக்குப் பக்கத்துல காலியா விட்டிருக்கே, அது ஆகாது" என்றாள் பஞ்சவர்ணம். "காலி நாற்காலின்னா எவனாச்சும் வந்து உக்காரத்தான் செய்வான். ஒண்ணு அழிங்க, இல்ல எதையாச்சும் போட்டு ரொப்புங்க." அழிப்பதற்குச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். தில்லைநாயகம் பையைத் திறந்து வெள்ளை வண்ணத்தைக் குழைத்து, மெல்லிய தூரிகையோடு நாற்காலி மேல் ஏறினார். "என்ன எழுதண்ணே?" வெள்ளைக்கண்ணு மூன்று மாலைகளுக்கு மேலே மீசையை நீவிக்கொண்டு யோசித்தார். நல்ல விலைக்குக் காத்திருக்கும் முகம். இந்த முகத்தைத்தான் மூன்று வெள்ளியும் வரையப் பார்த்தார், கிடைக்கவில்லை, இப்போது பார்த்துக்கொண்டார். துண்டுக்குள் விரல் அசைந்து நின்றது. வெள்ளைக்கண்ணு, வேப்பமரத்தடியில் எப்போதும் சொன்ன அதே பதிலைச் சொன்னார். தில்லைநாயகம் கண்ணாடிக்கு மேலேயே, சவரிமுத்துவின் எழுத்துக்கு இணையாக, மறைவு என்பதற்குப் பக்கத்தில் எழுதி முடித்தார். வீட்டுக்காரர்கள் பூர்த்தி செய்துகொண்டார்கள். பஞ்சவர்ணம் செல்லக்கிளியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்று காப்பி போடப் போனாள்.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் கிடைக்கவில்லை. கூடைக்கும் மூட்டைக்கும் நடுவில், ஒற்றைக்காலில், மிகுந்த நிம்மதியோடு நின்றார். தவசி தூக்கக் கலக்கத்தோடு டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். "பாத்தாச்சா சார்?"

"பார்த்தாச்சு."

"எப்ப எடுக்கிறாகளாம்?"

"அவசரமில்லை" என்றார் தில்லைநாயகம்.